கடல் இல்லாத போபால், கடலோரக் கிள்ளை

2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஐ.எல்.சி.ஏ. 4 என்ற சிறு பாய்மரப் படகுப் பிரிவில் இந்தியாவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 11 சுற்றுகள் ஓட்டி அதை வென்றவர் நேகா தாக்கூர். அப்போது அவருக்கு வயது 17. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மகள். அவர் படகோட்டப் பழகியது போபால் ஏரிக்கரையில் இருக்கும் தேசியப் பாய்மரப் பள்ளியில். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது.

கடலூர் மாவட்டத்துக்குச் சுமார் 57 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், ராசாப்பேட்டை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, அன்னங்கோயில், முடசல்ஓடை என்று வடக்கிலிருந்து தெற்கே ஊர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். கடலூரில் கெடிலமும் உப்பனாறும் கடலில் சேர்கின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு. அதற்குத் தெற்கே கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் பிச்சாவரம் சதுப்புக்காடு. அலையில்லாத தண்ணீரில் பழகி, பிறகு அலையுள்ள தண்ணீருக்குப் போவதற்கு இதைவிடத் தோதான இடம் கிழக்குக் கரையில் அதிகம் இல்லை. ஆனால் கடலூரிலிருந்தோ சிதம்பரம் வட்டத்திலிருந்தோ ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்குப் போனவர் ஒருவரும் இல்லை.

தமிழ்நாடே இந்த விளையாட்டில் பின்தங்கியிருந்தால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம். நிலைமை நேர்மாறானது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகோட்டியவர்கள் நான்கு பேர். நேத்ரா குமணன், வருண் தாக்கர், கே.சி. கணபதி ஆகிய மூவரும் சென்னையில் பயின்றவர்கள். நான்காமவர் விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்த ராணுவ வீரர். 2019இல் குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் நடந்த 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் 18ஆவது இடம் வரை வந்தார். நால்வரின் உழைப்பையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா என்பது நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் வந்த வழிகளைப் பாருங்கள். ஒன்று, சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் படகுச் சங்கம். இன்னொன்று, ராணுவம். மூன்றாவதாக ஒரு வழி இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் கடற்கரை ஊர்களின் வழியாக ஒரு பாதை போடப்படவே இல்லை.

இந்தப் பந்தயம் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டிங்கி என்பது ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறு பாய்மரப் படகு. எஞ்சின் கிடையாது, காற்று மட்டும்தான். 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்ற படகு. அது ஏழே முக்கால் அடி நீளம், மூக்கு வெட்டிய தொட்டி மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் ஐ.எல்.சி.ஏ. படகு. அதில் 4, 6, 7 என்று மூன்று வகை. அடியுடல் மூன்றுக்கும் ஒன்றே, பாயின் அளவுதான் 4.7 சதுர மீட்டரில் தொடங்கி 7 சதுர மீட்டர் வரை மாறும். ஓட்டுபவரின் எடைக்கும் வயதுக்கும் ஏற்பப் பாயை மாற்றிக்கொள்ளலாம். காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. வளைந்து வளைந்துதான் போக வேண்டும். எந்த நொடியில் திரும்புவது, எந்தப் பக்கம் காற்று கூடுகிறது, நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்று ஓயாமல் கணக்குப் போட வேண்டும். உடல் வலுவும் வேண்டும், சதுரங்க மூளையும் வேண்டும்.

பணமும் வேண்டும். புதிய ஆப்டிமிஸ்ட் படகு ஒன்றை இறக்குமதி செய்தால் சில லட்சம். ஐ.எல்.சி.ஏ. படகு அதைவிடப் பல லட்சம் கூடுதல். ஒரு படகை வைத்துக்கொண்டு பந்தயம் பழக முடியாது. புறப்படும் கோட்டில் இடித்துத் தள்ளி இடம்பிடிக்கப் பழக வேண்டுமானால் பத்துப் படகாவது தண்ணீரில் இருக்க வேண்டும். பயிற்றுநருக்கு மோட்டார் படகு, அதற்கு எரிபொருள், கிழிந்தால் மாற்றப் பாய், லைஃப் ஜாக்கெட். வெளிநாட்டுப் போட்டி என்றால் கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, அங்கே போய் வாடகைப் படகு. உள்ளூரில் பயிற்சி முடித்துப் பன்னாட்டுப் போட்டிக்கு ஆயத்தமாகும் ஓர் இளையோர் அணியின் பின்னால் இத்தனையும் நிற்கிறது.

மாரி செல்வராஜின் ‘பைசன்’ பார்த்துவிட்டு நம் தோழர்கள் கபடியைப் பற்றி எழுதித் தீர்த்தார்கள். ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது குத்துச்சண்டையைப் பற்றி எழுதினோம். சரிதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் உடைத்துக்கொண்டு உள்ளே போன விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு தரையும் ஓர் உடலும் இருந்தால் ஆடக்கூடியவை. கருவியும் சங்கமும் உறுப்பினர் அட்டையும் தேவைப்படும் விளையாட்டுகளில் நாம் இன்னும் வாசலில்கூட நிற்கவில்லை. குதிரையேற்றம், கோல்ஃப், துப்பாக்கி சுடுதல், பாய்மரம். அந்தப் பட்டியலைப் பார்த்தால் ‘அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கெதற்கு’ என்று தோன்றும். அப்படித் தோன்ற வைத்ததே அவர்களுடைய வெற்றி.

சென்னைத் துறைமுகத்தில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அன்றைய துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அதே துறைமுகத்தின் சுவர்கள் நீரோட்டம் கொண்டுவரும் மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கத்து மீனவர்களின் கரையைக் கடல் தின்றது. துறைமுகச் சுவருக்குள் அமைதியான நீரில் துரைமார் பாய் விரித்தார்கள், சுவருக்கு வெளியே குடிசைகள் போயின.

1911ஐச் சொன்னதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போன அனைத்திந்திய கிரிக்கெட் அணியில் பல்வங்கர் பாலு இருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். அந்தப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். புனேயில் அவருடைய சொந்த அணிக்காரர்கள் தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி, மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். கடைசி வரை அணித்தலைவர் பொறுப்பு தரப்படவில்லை. சாதி அவருடைய பந்தை வாங்கிக்கொண்டது, அவர் தொட்ட குவளையை ஒதுக்கியது. அந்த அணியைக் கொண்டுபோகப் பாட்டியாலா மகாராஜா இருந்தார். எனவே பாலு கப்பலேறினார். கப்பலேறுவதற்கே காசும் பரிந்துரையும் வேண்டிய விளையாட்டில் எத்தனை பாலுக்கள் கரையிலேயே நின்றார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

கடலுக்கும் சாதிக்கும் உள்ள கணக்கு விசித்திரமானது. பௌதாயன தர்மசூத்திரம் சாதி இழக்கச் செய்யும் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது கடற்பயணத்தை முதலில் வைக்கிறது. கடல் தீட்டு. கடலில் போகிறவன் தீட்டுப்பட்டவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெளிநாடு போய்வந்த பார்ப்பனர்கள் பிராயச்சித்தம் செய்தார்கள். அதே கடல், வெள்ளைக்காரனின் கிளப் வழியாகத் திரும்பி வந்தபோது கௌரவமாகிவிட்டது. பாய்மரம் இப்போது மேட்டுக்குடிப் பிள்ளையின் தன்விவரக் குறிப்பில் அழகான ஒரு வரி. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் பாய் விரித்தவர்களின் மொழியிலிருந்து ‘கட்டுமரம்’ என்ற சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. பந்தயப் படகுக்கும் அந்தப் பெயரைச் சூட்டியது. சொல் மட்டும் உலகம் சுற்றுகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முற்போக்கு பேசுகிறவர்களே அதிகம் விழும் பொறி அதுதான்.

‘மீனவன் பிள்ளைக்குக் கடல் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது, அவனிடம் ஒரு பாய்மரப் படகைக் கொடுத்துப் பாருங்கள், ஒலிம்பிக் தங்கத்தோடு வருவான்.’ கேட்க இனிமையாக இருக்கிறது. மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது குலக்கல்வியின் குரல். 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தபோது சொன்னதும் இதுதானே? குயவன் பிள்ளைக்குச் சக்கரம் கைவரும், வண்ணான் பிள்ளைக்குத் துறை கைவரும் என்பதுதானே? பெரியார் அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவியை விட்டுப் போனார், திட்டமும் போயிற்று. எழுபது ஆண்டு கழித்து விளையாட்டின் பெயரால் அது பின்வாசல் வழியாக வரக்கூடாது.

இந்தியா இதை ஒருமுறை செய்து பார்த்தது. 1980களில் இந்திய விளையாட்டு ஆணையம் ‘சிறப்புப் பகுதி விளையாட்டுகள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எந்தச் சமூகத்துக்கு எந்த விளையாட்டு ‘இயல்பாக’ வரும் என்று பார்த்து ஆளெடுப்பது அதன் யோசனை. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்களைக் கர்நாடகத்திலும் குஜராத்திலும் தேடிப் பிடித்து ஓட்டப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். சிலர் தேசிய அளவில் பதக்கமும் வென்றார்கள். 1990களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகள் படிப்பையும் பாதியில் விட்டு, ஊருக்குத் திரும்பி, கூலி வேலைக்குப் போனார்கள். ரத்தத்தில் திறமை இருக்கிறது என்று நம்புகிறவன் பயிற்சிக்கும் உணவுக்கும் பள்ளிக்கும் நீண்டகாலம் செலவு செய்ய மாட்டான். ரத்தம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவான். பதக்கம் வரவில்லை என்றால் ரத்தத்தின் மேலேயே பழியைப் போடுவான்.

கடலூர் மீனவர்களிடம் இருப்பது ரத்தம் அல்ல, அறிவு. வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்போது விழும், கச்சான் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது கற்றுக்கொடுத்து வந்தது. அதுவும் இப்போது கைநழுவுகிறது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன, மோட்டார் வந்தது, பாய் இறங்கியது. இன்றைக்குத் தேவனாம்பட்டினத்தில் 15 வயதுப் பையனுக்கு அவுட்போர்டு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். பாயைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவன் தாத்தா வயதில் இருக்கிறார்கள். ஆகவே அவனும் போபால் ஏரிக்கரைப் பெண்ணைப் போல முதலிலிருந்துதான் கற்க வேண்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. யாருக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான் போபால் சொல்லும் செய்தி.

அடுத்து வருவது கடற்கரைக்குள்ளேயே இருக்கும் சாதி. இதைப் பேசாமல் ‘மீனவ மாணவர்களுக்குப் பாய்மரப் பயிற்சி’ என்று ஒரு திட்டம் வந்தால் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை கேட்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கைகாட்டும் பிள்ளைகள் வருவார்கள். பட்டினவர் சமூகம் மிகப் பிற்படுத்தப்பட்டது, ஊருக்குள் இருக்கும் ஆதிக்கச் சாதிகளால் இழிவாகப் பேசப்படுவது, ஒவ்வொரு புயலிலும் உயிரைக் கொடுப்பது. இதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் போய்ப் பார்த்தால் தண்ணீரில் இன்னொரு மக்கள் நிற்கிறார்கள்.

இருளர்கள். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே போவார்கள். ஆண்களும் பெண்களும் இதைச் செய்கிறார்கள். நீண்ட காலம் இவர்களை மீனவர்கள் என்றே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வலையும் படகும் இல்லாதவன் என்ன மீனவன் என்றார்கள் கடற்கரையில். பழங்குடிச் சான்றிதழ் கேட்டால் அதற்கும் அலைக்கழிப்பு. சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணம் வந்தபோது கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் தலித்துகளும் இருளர்களும் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டதையும், முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடல் எல்லாரையும் அடித்தது, சாதி பிரித்துக் கொடுத்தது. 2022இல் கிள்ளை பேரூராட்சியின் தலைவராக ஓர் இருளர் பெண் பொறுப்பேற்றார். அந்த நாற்காலிக்கு வர எவ்வளவு காலமாயிற்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு முரண் இருக்கிறது. பல மீனவ ஊர்களில் பெண் படகில் ஏறக்கூடாது என்ற வழக்கம் இன்னும் போகவில்லை. மீனைத் தலையில் சுமந்து விற்கலாம், படகைத் தொடக்கூடாது. இருளர் பெண்ணோ நாள் முழுக்கத் தண்ணீரில்தான் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு ஏறப் படகில்லை. சிதம்பரம் கரையிலிருந்து ஒரு பெண்கள் அணியைக் கட்டினால் இந்த இரண்டு பெண்களும் ஒரே படகில் உட்கார வேண்டியிருக்கும். இரண்டு பேர் ஓட்டும் படகில் ஒருத்தி பாயைப் பிடிக்க, இன்னொருத்தி சுக்கானைப் பிடிக்க, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லையென்றால் படகு கவிழும்.

வெளிநாட்டுப் போட்டி என்று வரும்போது வேறு சில தடைகள் தெரிய வரும். பந்தயத்தில் உங்கள் வழியை ஒருவர் மறித்தால் அந்த இடத்திலேயே ‘புரொடெஸ்ட்’ என்று உரக்கக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் புகார் எடுபடாது. கரைக்கு வந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு, நடுவர்கள் முன் உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் இருந்தது, யாருக்கு வழியுரிமை என்று வாதாட வேண்டும். வலப்பக்கக் காற்றில் வரும் படகுக்கு இடப்பக்கக் காற்றில் வருவது வழிவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. எதிரே வருவது யார் படகு என்று விதி பார்ப்பதில்லை. ஆனால் 14 வயதுப் பிள்ளை தனியாக, ஆங்கிலத்தில், அந்நிய நாட்டுப் பெரியவர்கள் முன்னால் ‘எனக்குத்தான் உரிமை இருந்தது’ என்று சொல்ல வேண்டும். சங்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் பழகிய பேச்சு. தேநீர்க் கடையில் அப்பா குனிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு? வழிவிட்டு ஒதுங்குவதையே நல்லொழுக்கம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைக்கு? வெற்றிதோல்வி பல சமயம் அந்த அறையில் தீர்மானமாகிறது. உடற்பயிற்சியைவிட இதற்குத்தான் அதிகம் ஆயத்தம் தேவை. தமிழ்வழிப் பிள்ளைக்குப் பந்தய விதிகளைத் தமிழில் கற்பித்து, பிறகு ஆங்கிலத்தில் வாதாடப் பழக்கலாம். நம் வழக்கறிஞர் தோழர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும்.

அதற்கும் முன்னால் கடவுச்சீட்டு. அதற்குப் பிறப்புச் சான்று, முகவரிச் சான்று, பிறகு காவல்துறைச் சரிபார்ப்பு. 1993இல் முதனை ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொன்ற மாவட்டம் இது. ‘ஜெய் பீம்’ அவரை இருளராகக் காட்டியது, உண்மையில் அவர் குறவர். எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் தூக்கிக்கொண்டு போகப்படும் சமூகங்களின் பிள்ளை, தன் நன்னடத்தையைச் சான்றளிக்கச் சொல்லி ஒரு காவல் நிலையத்தின் படியேற வேண்டும். எந்தப் பயிற்சித் திட்ட அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஹைதராபாத் இருக்கிறது. 2009இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத் யாட் கிளப், ஹுசைன் சாகர் ஏரியில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கும் அரசு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் படகோட்டக் கற்றுக்கொடுக்கிறது. அவர்கள் தேசிய இளையோர் பந்தயங்களில் பதக்கம் வாங்குகிறார்கள், வெளிநாடு போகிறார்கள். அங்கே பயின்ற பிரீத்தி கொங்காரா ஹாங்சோவில் இந்தியாவுக்காக ஓட்டினார். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அது ஒரு தனிமனிதரின் ஈடுபாட்டில் தொடங்கி, கொடையாளர்களின் மனதில் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2007இல் ஷோஷலோசா என்ற அணி அமெரிக்கா கோப்பைக்குப் போட்டியிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அப்படிப் போன முதல் அணி. சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தருகே ஏழைப் பிள்ளைகளுக்கு நடந்த பயிற்சித் திட்டத்திலிருந்து வந்த கறுப்பின இளைஞர்கள் அதில் இருந்தார்கள். நிறவெறி ஆட்சி முடிந்து 13 ஆண்டுதான் ஆகியிருந்தது. உலகமே பார்த்தது. அடுத்த கோப்பையில் அந்த அணி இல்லை. கொடை இருக்கும்வரை படகு ஓடும். நமக்கு வேண்டியது கொடையல்ல.

கடலூரிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது, அது கால்பந்து. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். இன்று தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பெண்கள் கால்பந்துப் பட்டம் வென்றபோது அதன் வேர் கடலூர் மைதானங்களில் இருந்தது. விடாமல் ஒரு பயிற்றுநர், தினமும் திறந்திருக்கும் ஒரு மைதானம், ஒரு விடுதி, இரவுச் சாப்பாடு. இத்தனைதான்.

படகுக்கு என்ன செய்வது? ஆப்டிமிஸ்ட் படகின் கதையைப் பாருங்கள். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் அதை வடிவமைத்தார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஓட்ட வேண்டும் என்பதற்காக, 50 டாலருக்குள், சாதாரண பிளைவுட் பலகைகளை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்ளும்படி. மூக்கு மொட்டையாக இருப்பதற்குக் காரணமும் பலகையைச் சிக்கனமாக வெட்டியதுதான் என்பார்கள். அந்த ஏழைப் படகு இப்போது சில லட்சமாகிவிட்டது. ஆனால் தொடக்கப் பயிற்சிக்குப் பன்னாட்டு முத்திரை குத்திய படகு தேவையில்லை. கடலூர் முதுநகரில் விசைப்படகு கட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். அறுபதடிப் படகு கட்டுகிறவருக்கு ஏழே முக்கால் அடி ஒரு பொருட்டா? பத்துப் படகை அவர்களிடம் கட்டினால் கூலியும் இங்கேயே நிற்கும், உடைந்தால் சரிசெய்ய ஆளும் இங்கேயே இருக்கும். போட்டிக்குப் போகும் கட்டத்தில் முத்திரைப் படகு வாங்கிக்கொள்ளலாம்.

இடமும் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். 2013இலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் அரசின் கையில். படகுத்துறை, விடுதி, நீரோட்டம் அறிந்த ஆய்வாளர்கள், சிதம்பரம் வளாகத்தில் உடற்கல்வித் துறை என எல்லாம் மக்கள் பணத்தில் இருக்கின்றன. கடலூர் உப்பனாற்றைச் சொல்லலாம் என்றால் சிப்காட் ஆலைகள் அதை எந்த நிலையில் வைத்திருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளைக் கவிழ்ந்து எழுந்து பழகச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் வெள்ளாறு.

பிள்ளைகளை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் மையமான கேள்வி. சங்கம் வழியாகவோ ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவோ அல்ல, அரசுப் பள்ளி வழியாக. கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர் அரசுப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், சிதம்பரம் நந்தனார் பள்ளிகள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கியபோது தில்லை வாசல் திறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்தப் பள்ளியின் மாணவிகளுக்கு இந்தப் படகில் முதல் இடம் கொடுப்பதில் பொருத்தம் இருக்கிறது. கடலையே பார்க்காத காட்டுமன்னார்கோயில் பிள்ளையும் வரட்டும். இருளர், தலித், மீனவர் பிள்ளைகளுக்கு இடங்களைச் சேர்க்கையின்போதே ஒதுக்க வேண்டும், பாதி பெண்களுக்கு. அணித்தேர்வின்போது இடஒதுக்கீடு வேண்டாம். அங்கே கடிகாரம் தீர்மானிக்கட்டும். தண்ணீருக்குள் இறங்கும் வாசலில்தான் அது வேண்டும், ஏனெனில் சாதி உட்கார்ந்திருப்பது அங்கே.

பணம் இல்லை என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மேம்பாட்டுச் செயல்திட்டம் 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமாகிவிட்டது. ‘தமிழ்நாடு சாம்பியன்ஸ்’ அறக்கட்டளை வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு உதவுகிறது. நல்லதுதான், ஆனால் அது தகுதி பெற்றுவிட்டவருக்கு. தகுதி பெறும் வரையிலான ஆறேழு ஆண்டுக்கு யார் பொறுப்பு? இராமநாதபுரத்தில் நீர்விளையாட்டு மையம் அறிவித்திருக்கிறார்கள். கிள்ளைப் பிள்ளை தினமும் அங்கே போய்வர முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி. பரங்கிப்பேட்டையும் கிள்ளையும் அடங்கிய சிதம்பரம் தொகுதியின் உறுப்பினர் தோழர் தொல். திருமாவளவன். அவரிடம் இதை உரிமையோடு கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு இன்னொரு ஒலிம்பிக் பட்டியலைப் பார்த்துக் கட்டுரை எழுதுவதில் பயனில்லை.

பயிற்சிக் காலமும் தயாராக இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தொழிலாளிகளுக்குக் கடல் வேலை இருக்காது. பாய் பிடிக்கத் தெரிந்த பெரியவர்களைத் தினக்கூலி கொடுத்துப் பயிற்றுநராக அமர்த்தலாம். காற்றும் கோடையில் பிற்பகலுக்கு நன்றாக எழும். பள்ளிக்கும் அப்போதுதான் விடுமுறை. சென்னைச் சங்கத்தின் கோடைக்கால முகாம் ஒன்றில்தான் நேத்ராவும் முதன்முதலில் படகேறினார். வெள்ளாற்றங்கரையில் அப்படி ஒரு கோடை முகாமை இந்த ஏப்ரலில் தொடங்க வேண்டுமானால், பொங்கலுக்குள் தச்சர்களுக்குப் பலகை வாங்கிக் கொடுத்தாக வேண்டும். மனுவை மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் ஒரே நாளில் கொடுப்பது நல்லது. இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே தடைக்காலம் முடிந்துவிடும்.